டார்கெட் மாற்றும் அந்த இரண்டு நிமிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய 6 பதக்கங்களில் 3 துப்பாக்கி சுடுதலில் வந்தவை. நெல்லைச் சீமையிலும் பிள்ளைகளை ஏர் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) பயிற்சியில் சேர்க்கப் பெற்றோர் விசாரிக்கிறார்கள். கட்டணம் என்ன, துப்பாக்கி என்ன விலை என்றெல்லாம் கேட்கிறார்கள். அங்கே 'நிறுத்து' என்று சொல்ல யார் இருக்கிறார் என்று கேட்பவர் குறைவு.

பெரிய ரேஞ்சுகளில் (சுடுதளங்களில்) மின்னணு டார்கெட் இருக்கும், முன்னால் யாரும் போக வேண்டியதில்லை. சின்ன ரேஞ்சில் காகித அட்டைதான். அதை மாற்ற 10 மீட்டர் நடந்து போய் வர வேண்டும். ஆபத்து பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தில்தான். ஒரு பையன் அட்டை பக்கம் குனிந்திருப்பான், பின்னால் இன்னொருவன் 'குறி பார்க்கிற சைட் சரியா இருக்கா' என்று துப்பாக்கியைத் தோளில் ஏற்றிப் பார்ப்பான். அதட்டினால் வருகிற பதிலும் மாறாது: "குண்டு போடல அண்ணாச்சி, சும்மாதான் வச்சிருக்கேன்."

குண்டு போட்டிருக்கிறதா இல்லையா என்பது ஏர் ரைபிளில் வெளியே தெரியாது. வெடிமருந்துத் தோட்டா போடும் .22 ரைபிளில் போல்ட்டை (பின்பக்கத் தாழ்ப்பாளை) இழுத்தால் தோட்டா வெளியே வந்து விழும். ஏர் ரைபிளில் போடும் 4.5 மி.மீ. ஈயக் குண்டான பெல்லட் அப்படி வராது. குழலுக்குள் திணித்தது திணித்தபடியே இருக்கும். அதனால்தான் குழல் முழுக்க ஓடி இரண்டு முனையிலும் வெளியே தெரிகிற பளிச்சென்ற நிறக் கயிற்றைப் போட்டு வைக்கச் சொல்கிறார்கள். பெல்லட் உள்ளே இருந்தால் கயிறு நுழையாது. இதைக் கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றும் இல்லை. புல் வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் நைலான் கயிற்றில், குழலுக்குள் தாராளமாக ஓடுகிற பருமனில் ஒரு துண்டு போதும்.

'ஸ்டாப்' என்றதும் விரலை ட்ரிகரிலிருந்து எடுத்து, குண்டு போடும் லீவரைத் திறந்து, கயிறு போட்டு, குழல் டார்கெட்டைப் பார்த்தபடி மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் வர வேண்டும். பெல்லட் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொறுப்பாளர் அனுமதித்த பிறகு டார்கெட்டைப் பார்த்துச் சுட்டு வெளியேற்றலாம். அவர் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கயிற்றைக் கண்ணால் பார்த்த பிறகே முன்னால் போகச் சொல்ல வேண்டும். போனவர்களில் கடைசி ஆள் திரும்பும்வரை துப்பாக்கியை யாரும் தொடக் கூடாது. துடைக்கவும் கூடாது, பெட்டியில் வைக்கவும் கூடாது. 'பெட்டியில வைக்கத்தானே எடுத்தேன்' என்பது இன்னொரு பழைய பல்லவி.

அடுத்தவர் துப்பாக்கியை ஆசையாகத் தூக்கிப் பார்ப்பதை வெறும் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையை விடுபடாமல் தாங்க வேண்டும். ஏர் ரைபிளுக்கு அந்தக் கட்டாயமும் கிடையாது. ட்ரிகர் அவ்வளவு லேசாக இருக்கும், பழகாத விரல் பட்டதுமே வெடித்துவிடும். சுட்டுக்கொண்டிருப்பவர் முதுகுக்குப் பின்னால் நின்று 'எட்டா, ஒம்பதா' என்று கேட்பதும், லேனுக்குள் செல்போனை நீட்டி ரீல்ஸ் எடுப்பதும் அவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அவர் திரும்பினால் குழலும் கூடவே திரும்பும்.

பெல்லட் குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் வருகிறது. கண் போக அது தாராளம். ஆனால் குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் (அதே 4.5 மி.மீ.) குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். உரிமம் வேண்டாம் என்றதும் பயிற்சியும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, மொட்டை மாடியில் பழைய டயரை மாட்டிச் சுடுகிறார்கள். டயரின் ரப்பர், பட்ட குண்டைத் திருப்பி அனுப்பும். செங்குத்தாக நிறுத்திய இரும்புத் தகடும் சிதறடிக்கும். தகட்டை 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்து அடியில் பெட்டி வைக்கலாம், அல்லது கல் இல்லாமல் சலித்த மணலை மூட்டையாக அடுக்கலாம். எதை வைத்தாலும் கண்ணாடி அணிந்தே சுட வேண்டும்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. போட்டித் துப்பாக்கியின் காற்று சிலிண்டர் 200 பார் அழுத்தம் வரை ஏற்றப்படுவது. அதில் உலர்ந்த காற்றை மட்டுமே நிரப்ப வேண்டும். காற்று தீர்ந்ததும் வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரில் இணைக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அவரை ரேஞ்சுக்குள்ளேயே விடாதீர்கள். உள்ளே துளி எண்ணெய் இருந்தாலும் ஆக்சிஜனோடு சேர்ந்து வெடிக்கும். பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். 10 ஆண்டு ஆயுள் குறிக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. காலம் முடிந்ததைக் காசு மிச்சம் என்று ஓட்டக் கூடாது.

பெல்லட் ஈயம். அதைத் தொட்ட கையோடு வடை தின்னாமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தரையை விளக்குமாற்றால் பெருக்கினால் ஈயத்தூள் பறக்கும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

இந்தப் பழக்கக் கேடுகளுக்கு முதல் பள்ளிக்கூடம் பலூன் கடைதான். நெல்லையப்பர் ஆனித் திருவிழாவானாலும் குற்றாலம் சீசனானாலும், பலூன் சுடும் கடைக்காரர் குழலை மடக்கிக் காற்று ஏற்றும்போது வரிசையில் நிற்கும் குழந்தைகள் பக்கமே அது திரும்புகிறது. கடைக்கு இடம் ஒதுக்குகிறவர்கள், துப்பாக்கியைப் பின்பக்கம் திருப்ப முடியாதபடி குட்டைச் சங்கிலியில் மேசையோடு பிணைக்க வேண்டும் என்றும், பக்கவாட்டில் தட்டி மறைக்க வேண்டும் என்றும் அனுமதிச் சீட்டிலேயே எழுதலாம். அடுத்த சாரலுக்கு முன் செய்யக்கூடிய வேலைதான்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடுதல் பயிற்சியாளர்கள் சிலர்,
பாளையங்கோட்டை