படத்தில் இருப்பது நரிவால் ஆர்க்கிட் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடகின் காப்பித் தோட்ட நிழல்மரங்களில் பூக்கும் ஆர்க்கிடுகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு அங்கே செல்லும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது மிகவும் பயன்படும். ஆனால், 'நரிவால் ஆர்க்கிட்' என்ற குறிப்புடன் அச்சாகியிருக்கும் படத்தில் இருப்பது நரிவால் (அறிவியல் பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா) அன்று, ஏரிடிஸ் கிறிஸ்பா என்னும் வேறோர் ஆர்க்கிட்.

இரண்டுமே மரத்தைத் தொற்றி வளர்பவை. கோடை முடிந்து மழை தொடங்கும் பருவத்தில், வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூப்பவை. ஆகவே நிறத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. பூவைப் பக்கவாட்டில் பார்த்து, உதட்டிதழின் (உதடுபோல் அமைந்த தனி இதழ்) அடியிலுள்ள தேன்பை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். நரிவாலில் அது இருபுறமும் அழுத்தியதுபோல் தட்டையாகிப் பின்னோக்கி இருக்கும். ஏரிடிஸிலோ பசுவின் கொம்புபோல முன்னோக்கி வளைந்திருக்கும். தங்கள் படத்தின் இடது ஓரத்தில் உள்ள பூவில் இந்த வளைவு தெளிவாகத் தெரிகிறது. அதே பூவில் உதட்டிதழ் மூன்று மடல்களாகப் பிரிந்து, நடுமடலின் விளிம்பு பொடிப்பொடியாகக் கிழிந்ததுபோல் இருப்பதையும் காணலாம். நரிவாலின் உதட்டிதழ் இப்படி மடல்களாகப் பிரிவதில்லை. பூங்கொத்தும் வேறு: நரிவாலில் பூக்கள் நெருக்கமாக அடுக்கி உருளையாகத் தொங்கும், கிறிஸ்பாவில் இடைவெளி விட்டு, பெரும்பாலும் கிளைத்திருக்கும்.

புள்ளிகளை அடையாளமாகக் கொள்வதும் சரிவராது. நரிவாலின் இதழ்களில் ஊதாப் புள்ளிகள் உண்டு என்பது உண்மைதான். கிறிஸ்பாவின் உறவான ஏரிடிஸ் மாக்குலோசாவிலும் அவை உண்டு. அந்த இனத்தின் நடுமடல் அகன்று, விளிம்பு கிழியாமல் இருப்பதால், கிறிஸ்பாவிலிருந்து அதைப் பிரித்தறியலாம்.

பெயர் மாறுவதைச் சிறு பிழையாக நான் கருதவில்லை. நரிவால் இலங்கையிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை பரவிய இனம்; அஸ்ஸாமின் மாநில மலரும் அதுவே. கிறிஸ்பாவோ பெரும்பாலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்து வாழ்வது. எங்கும் கிடைக்கும் பூ என்று எண்ணி யாரேனும் அதைக் செடியோடு பிய்த்துச் சென்றால், இழப்பு அந்த மலைக்கே.

எனவே, அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இனிமேல் ஆர்க்கிட் படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, முழுக் கொத்துடன், ஒற்றைப் பூவைப் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து வெளியிட்டால், செடியைத் தொடாமலேயே வாசகர்கள் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு