அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மதுரைக்காரன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பாஸ்போர்ட் படிவத்தில் இருக்கும் ஒரே ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 'சர்நேம்', அதாவது குடும்பப் பெயர் என்ற கட்டம்.

2016-இல் நானும் மனைவியும் ஒரே நாளில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். படிவத்தை நிரப்பியது நாங்கள் இல்லை, பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டர் பையன். "சார், இனிஷியல் எடுத்துக்காது. முழுசா சொல்லுங்க" என்றான். அப்பா பெயரைச் சொன்னேன். சர்நேம் கட்டத்தில் தட்டிவிட்டான். மனைவியின் முறை வந்தபோது பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். "அம்மாவுக்குப் பேர் மட்டும் போதும், சர்நேம் கட்டாயமில்லை" என்று காலியாக விட்டுவிட்டான். அவன் சொன்னது தப்பில்லை. காலியாக விட்டாலும் உங்கள் இணையதளம் ஏற்றுக்கொள்ளும், விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் பத்து நாளில் தபாலில் வந்துவிட்டது.

ஏழு வருடம் அது பீரோவில் கிடந்தது. 2023 தொடக்கத்தில் மகளின் பிரசவத்துக்காகத் துபாய் கிளம்பினோம். சென்னை விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்த பெண் என் மனைவியின் பாஸ்போர்ட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடத்துக்கு ஒரே பேர்தான் இருக்கு" என்றார். "ஆமாம்மா, எல்லாருக்கும் ஒரு பேர்தானே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவர் யாருக்கோ போன் போட்டார். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலோ விசிட் விசாவிலோ உள்ளே விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் சொல்லியிருந்ததாம். அப்புறம் சில நாட்களில், இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தினார்களாம். அந்தத் தளர்வு கவுன்டருக்கு வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. கடைசியில் என் மாமனார்தான் காப்பாற்றினார். அவர் இறந்து இருபது வருடமாகிறது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அவர் பெயர் அச்சாகியிருந்தது.

என் பாஸ்போர்ட்டில் வேறு கதை. சர்நேம் இருப்பதால் யாரும் தடுக்கவில்லை. ஆனால் விமானத்தில் 'மிஸ்டர்' போட்டு என்னைக் கூப்பிடுவது அப்பா பெயரில். அவர் ரயிலைத் தாண்டி எதிலும் ஏறியதில்லை. எங்கள் வீட்டில் என் சர்நேம் என் அப்பா, மனைவிக்கு ஒன்றும் இல்லை, மகளுக்கு நான். மூன்று பேரும் சேர்ந்து நின்றால் ஒரே குடும்பம் என்று உங்கள் பாஸ்போர்ட்டை வைத்து எந்த நாட்டு அதிகாரியும் கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்கா போகிறவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. ஒரே பெயர் இருந்தால் விசா படிவத்தில் அது குடும்பப் பெயராகப் போய்விடும். முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று மூன்று எழுத்து வரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் அது டிரைவிங் லைசென்ஸ், வங்கிக் கணக்கு என்று கூடவே போகும். பக்கத்து வீட்டுப் பையனை ஆபீசில் 'ஃப்னூ' என்று கூப்பிடுகிறார்களாம். பாட்டி ஆசையாக முருகன் பெயர் வைத்த பிள்ளை.

உங்கள் அமைச்சருக்கே இது தெரியாத விஷயம் இல்லை. எஸ். ஜெய்சங்கரின் 'எஸ்', அவருடைய அப்பா கே. சுப்ரமணியத்தின் பெயர். உலகம் முழுக்க அவரை 'மிஸ்டர் ஜெய்சங்கர்' என்று சொந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள், அவருக்கு அந்தப் பாக்கியம் வாய்த்திருக்கிறது. செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்துக்கு வாய்க்கவில்லை. விஸ்வநாதன் அவருடைய அப்பா. அதை முதல் பெயர் என்று எடுத்துக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்கள் செல்லமாக 'விஷி' ஆக்கிவிட்டார்கள்.

குடும்பப் பெயர் இல்லாதது எங்கள் மறதியால் வந்தது இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்த காலம் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அதை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டங்கள் உதிர்ந்தன. அப்பா பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும் போதும் என்று ஆனது. இப்போது ஒரு டிராவல் ஏஜென்ட் என் உறவினரிடம், "சர்நேம் இல்லேன்னா சிக்கல் சார், பேசாம உங்க சாதிப் பேரைப் போட்டுடுங்களேன்" என்றாராம். தொண்ணூறு வருடத்துக்கு முன் தூக்கிப் போட்டதை ஒரு காலிக் கட்டம் திரும்பக் கேட்கிறது.

உலக விதி அப்படி, நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் சொல்லலாம். கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பாஸ்போர்ட்டுகளுக்கு அளவுகோல், பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 9303-ஆம் ஆவணம். எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பெயரை முதன்மை அடையாளம், துணை அடையாளம் என்று பிரிக்கிறது. எது முதன்மை என்பதை பாஸ்போர்ட் கொடுக்கும் நாடு முடிவு செய்துகொள்ளலாம். பிரிக்க முடியாத பெயரை அப்படியே முதன்மையில் போடலாம். இடப் பற்றாக்குறையும் இல்லை. புகைப்படப் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளில் முதல் வரியில் பெயருக்கு மட்டும் 39 இடம். மீனாட்சிசுந்தரம் திருஞானசம்பந்தம் என்பதை வழக்கமான ஆங்கில எழுத்தில் எழுதி எண்ணிப் பார்த்தேன். 17-ம் 19-ம், நடுவில் பெயர்களைப் பிரிக்கும் இரண்டு குறியும் சேர்த்து 38. ஒரு இடம் மிச்சமே இருக்கிறது!

மலேசியத் தமிழரின் பாஸ்போர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். பெயருக்கு ஒரே வரிதான். அதில் அவர் பெயர், நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு அப்பா பெயர். மலாயில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதன் சுருக்கம் அது. சிங்கப்பூரிலும் பெயருக்கு ஒரே வரிதான். அவர்களும் இதே துபாய்க்கும் அமெரிக்காவுக்கும் போய் வருகிறார்கள். இன்னொரு வழியும் உண்டு, அது இந்தோனேசியா எடுத்தது. ஒற்றைப் பெயர் அங்கே சர்வசாதாரணம், இரண்டு அதிபர்களுக்கே அப்படித்தான், சுகர்னோ, சுகார்த்தோ. 2022-இல் அந்நாட்டு அரசு, இனிப் பதிவு செய்யும் பெயரில் குறைந்தது இரண்டு சொல் இருக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டது. கட்டத்துக்காக மனிதர்களின் பெயரை நீட்டியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் சரி.

சென்னையில் 2025 மார்ச்சில் சிப் வைத்த இ-பாஸ்போர்ட் கொடுக்க ஆரம்பித்தீர்கள். நல்லது. ஆனால் அந்த சிப்புக்குள் போவதும் அடிவரியில் இருக்கும் அதே பெயர்தான். புதுப் பெட்டியில் பழைய சிக்கல்.

மலேசியா மாதிரி ஒரே வரியாக்கினால் எனக்குச் சந்தோஷம். அது ஒரு நாளில் நடக்கிற காரியம் இல்லை என்று எனக்கும் தெரியும். நான் கேட்பது அதைவிடச் சின்னது. சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் எந்தெந்த விசாவில் என்னென்ன சிக்கல் வரும், அப்பா பெயரையோ கணவர் பெயரையோ போட்டால் வெளிநாட்டில் எந்தப் பெயரால் அழைப்பார்கள் என்பதை அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே தமிழில் நாலு வரி எழுதுங்கள். சேவா கேந்திரா கவுன்டரில் ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள்: "இதைக் காலியாக விடுவது தெரிந்துதானே?" பிரவுசிங் சென்டர் பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மனிதரின் பெயர் உலகத்துக்கு எப்படித் தெரிய வேண்டும் என்கிற முடிவை பத்து விநாடியில் எடுக்கும் பொறுப்பை அவனிடம் விட்டது நீங்கள்தான்.

ஏற்கெனவே காலியாக விட்டவர்கள் பெயரைப் பிரிக்க மறுபடி விண்ணப்பித்து, 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய் கட்டிப் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது. பெயரில் ஒரு எழுத்தும் மாறவில்லை, கட்டம் மட்டும்தான் மாறுகிறது. முதல் முறை மட்டுமாவது இதை இலவசமாகச் செய்து கொடுங்கள்.

எங்கள் இருவர் பாஸ்போர்ட்டுக்கும் பத்து வருடம் முடியப் போகிறது. இந்த முறை அந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. என் பெயரைப் போட்டால் விசாவுக்கு வசதி என்கிறாள் மகள். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "அன்னிக்கு கவுன்டர்ல வந்து நின்னது எங்கப்பா. அவர் பேரே இருக்கட்டும்" என்கிறாள். அடுத்த வாரம் பிரவுசிங் சென்டருக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
பாஸ்போர்ட்டில் அப்பா பெயரால் அறியப்படும் ஒரு மதுரைக்காரன்