வாரம் ஒரு பத்தி போடுங்க, பசங்க சுருக்கி எழுதிப் பழகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க ஊர் லைப்ரரில யுபிஎஸ்சி மெயின்ஸ் (ஐஏஎஸ் மாதிரி வேலைக்கான முதன்மைத் தேர்வு) படிக்கிற பசங்களுக்கு சாயங்காலத்துல தமிழ் சொல்லிக்கொடுக்குறேன். கட்டாயத் தமிழ்த் தாள் 300 மார்க், மூணு மணி நேரம், 25 சதவீதம் வாங்கினா போதும், ரேங்க்ல சேராது, அதனால "தாய்மொழி தானே சார், பாத்துக்கலாம்"னு கடைசி வரைக்கும் அதைத் தொடவே மாட்டேங்குறாங்க. ஆனா அந்த 75 வரலைன்னா மத்த பேப்பர் மார்க் எதுவுமே கணக்குல வராது, அத்தனை உழைப்பும் வீணாப்போகும்.

இதுல சுருக்கி வரைதலுக்கு, அதாவது கொடுத்திருக்கிற நீளமான பத்தியை மூணில ஒரு பங்கா சுருக்கி எழுதுறதுக்கு, 60 மார்க். மார்க்குக்கு ஏத்தபடி நேரத்தைப் பிரிச்சா 36 நிமிஷம் வரணும், ஆனா 600 சொல் கட்டுரைலயே ஒன்றரை மணி நேரம் போயிடுது, மொழிபெயர்ப்பு இலக்கணம் எல்லாம் முடிச்சிட்டு வந்தா கால் மணி நேரம் கூட மிஞ்சாது, அந்தப் பதட்டத்துல முதல் ரெண்டு பாராவை அப்படியே பாத்து எழுதி மூணில ஒரு பங்கு ஆனதும் நிறுத்திடுறாங்க. எழுதினவர் சொல்ல வந்ததே கடைசி பாராவுலதான் இருக்கும், அது வரவே வராது. சொந்த நடைல எழுது, தலைப்பு வேண்டாம்னு கேள்வியிலேயே இருக்கும், ஸ்கூல் பழக்கத்துல தலைப்பையும் போட்டுடுறாங்க.

நான் சொல்றது என்னன்னா முதல் தடவை பேனாவை எடுக்காம முழுசா படிங்க. ரெண்டாவது தடவை பாராவுக்கு ஒரு வரி ரஃப்பா குறிச்சுக்கங்க, அப்புறம் பத்தியைப் பாக்காம அந்த வரிகளை வச்சு மட்டும் எழுதுங்க. உதாரணம், மேற்கோள் எல்லாம் போகட்டும், ஆனா "ஆனாலும்", "எனவே"ன்னு வாதம் திரும்புற இடம் மட்டும் போகவே கூடாது. வாட்ச் வச்சு எழுதினாதான் இது கைக்கு வரும், சும்மா படிச்சா வராது.

உங்க கல்விப் பக்கத்துல வாரம் ஒரு 450 சொல் பத்தி போடுங்க. அடுத்த வாரம் 150 சொல்லுல மாதிரி விடை போடும்போது எந்த வரியை ஏன் வெட்டினோம்னும் பக்கத்துலயே சொல்லுங்க, வெறும் விடையால பிரயோஜனம் இல்ல. கோச்சிங் சேர காசில்லாத பிள்ளைங்க நிறைய பேர் லைப்ரரிக்கு வந்து உங்க பேப்பரைத்தான் படிக்கிறாங்க.

இப்படிக்கு,
நாமக்கல் வாசகர்