கொட்டையை நீக்கச் சொன்னவளின் மூட்டை

மதிப்பிற்குரிய வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் செக்போஸ்ட்டில் என் அத்தையிடம் அரை மூட்டை கடுக்காயைப் பறித்து வைத்துக்கொண்ட விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மனு கொடுத்தாயிற்று, நேரிலும் இரண்டு தடவை வந்து போயாயிற்று. அதனால் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. மனுவில் எழுதாமல் விட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

மூட்டையை இறக்கச் சொன்ன காவலர், அத்தையை வெயிலில் நிறுத்திவிட்டு, ஒரு கை கடுக்காயை அள்ளிப் பேப்பரில் மடித்து மேசைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டிருக்கிறார்: "ஏம்மா, மூணு நாளா வயிறு கல்லு மாதிரி இருக்கு. இதை எப்படிச் சாப்பிடணும்?"

அத்தை சொல்லியிருக்கிறார்: "கொட்டையைத் தட்டி எடுத்துப்போடுங்க சார், அது ஆகாது. மேல்தோலை மட்டும் இடிச்சு, ராத்திரி சுடுதண்ணியில கலக்கிக் குடிங்க."

கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்பதை அந்த ஆளுக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாமே என்று நான் கத்தினேன். "வயித்துக் கோளாறுக்காரன்டா, பாவம்" என்றார். மருந்தையும் கொடுத்து, பக்குவத்தையும் சொல்லி, வெறுங்கையோடு மலையேறி வந்திருக்கிறார்.

அந்த அரை மூட்டை நாலு நாள் பாடு. விடியுமுன் கிளம்பி, மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதைக் குனிந்து குனிந்து பொறுக்கி, புழு துளைத்ததைக் கழித்து, பாறையில் பரப்பி, பனி இறங்குமுன் அள்ளி, மறுநாள் திரும்பப் பரப்பி, ஒன்றோடொன்று தட்டினால் கூழாங்கல் சத்தம் வரும்வரை காயவைக்க வேண்டும். ஒரு கிளை ஒடியவில்லை. உதிர்ந்த காயைப் பொறுக்கியது எந்தக் காட்டை அழித்தது, சொல்லுங்கள்.

2006 வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலில், அதாவது வெட்டுமரம் அல்லாத காட்டு விளைச்சலில், மூலிகை, வேர், கிழங்கு எல்லாவற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அவற்றைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு தரும் வேலையை 2012 விதித் திருத்தம் கிராமசபைக் குழுவிடம் கொடுத்துவிட்டது. அத்தையின் மடியில் இருந்ததும் அந்தச் சீட்டுதான். "இதெல்லாம் செல்லாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மத்திய அரசு குறைந்தபட்ச ஆதார விலை வைத்த மகசூல் பட்டியலில் கடுக்காயும் உண்டு. ஒரு கை விலை வைக்கிறது, இன்னொரு கை மூட்டையைப் பிடுங்குகிறது.

நாங்கள் கேட்பது இதைத்தான்: கிராமசபைச் சீட்டைச் சீட்டாக மதியுங்கள்.

உங்கள் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மாகாளிக்கிழங்கு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். வேரோடு தோண்டினால் கொடி போச்சு. ஊறுகாய் வியாபாரிக்காக இரவில் மண்வெட்டியோடு வருகிறவர்களைப் பிடியுங்கள், நாங்களும் கூட வருகிறோம். வயிற்றுப்போக்குக்கு வில்வப்பிஞ்சு நாலு பறிக்கிறவளையும், பசியெடுக்காத பிள்ளைக்குப் பிரண்டை நுனி கிள்ளுகிறவளையும் அவர்களோடு ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

காடு முழுக்க வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அதற்கடியில் மூலிகை எங்கே முளைக்கும்? அது எந்தச் செக்போஸ்ட்டில் சீட்டு காட்டிவிட்டு உள்ளே நுழைந்ததோ தெரியவில்லை. உங்கள் அலுவலக வாசலில் கம்பிவேலி போட்ட மூலிகைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. மனுவோடு காத்திருந்த நேரத்தில் சுற்றிப் பார்த்தேன். 'டெர்மினாலியா செபுலா, மலச்சிக்கலுக்கு நல்லது' என்று கடுக்காயின் அறிவியல் பெயரோடு ஒரு பச்சைப் பலகை. கன்று பட்டுப்போயிருந்தது. பலகை மட்டும் பளபளவென்று நிற்கிறது. அத்தையைக் கூப்பிட்டிருந்தால் எந்த மண்ணில் வைக்கவேண்டும் என்று காசு வாங்காமல் சொல்லியிருப்பார்.

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். கிராமசபைச் சீட்டு செல்லும் என்று எல்லா செக்போஸ்ட்டுக்கும் எழுத்தில் ஓர் உத்தரவு அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் காய் இன்னும் இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள். தீர்ந்துபோயிருந்தால் சாக்கையாவது கொடுங்கள்; அது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது.

இப்படிக்கு,
மலைக்கிராமத்தான் ஒருவன்