இரண்டு கோடு தெரிவதற்கு முன்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். தைராய்டை வேலை வாங்கும் டி.எஸ்.எச். ஹார்மோன் 6.8, ஏறியிருக்கிறது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 இயல்பு அளவுக்குள்தான் இருக்கிறது. புரோலாக்டின் 34, மேல் வரம்பைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. கடைசி மூன்று மாதவிடாய்களும் 35, 42, 38 நாள் இடைவெளியில் வந்தன என்று எழுதியிருக்கிறாய். எட்டு மாதமாகியும் கரு நிற்கவில்லை, தைராய்டுதான் காரணமா, இனி ஆகுமா என்று கேட்கிறாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன், டாக்டரிடம் போகும்போது கையில் வைத்துக்கொள்.

முதலில் ஒன்று. மனதை விட்டுவிட வேண்டிய நிலை இதில்லை. குழந்தைப்பேற்றுக்கு வரும் தடைகளில் மாத்திரையால் நேராக்கக்கூடியவை குறைவு, அதில் தைராய்டுச் சுரப்புக் குறைவும் ஒன்று. ஆனால் அது தன் வேகத்தில்தான் சரியாகும், நாம் அவசரப்பட்டால் கேட்காது. இன்னொன்று, கர்ப்பம் உறுதியாகும் அன்றே செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதற்கு இப்போதே ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். நான் எழுத உட்கார்ந்ததே முக்கியமாக அதற்காகத்தான்.

கழுத்தில் இருக்கும் சுரப்பிக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். தைராய்டை வேலை வாங்குவது மூளை. ஹைபோதலாமஸ் டி.ஆர்.எச். என்ற ஹார்மோனை அனுப்பும், அதைக் கண்டு பிட்யூட்டரி டி.எஸ்.எச்.ஐ அனுப்பும், அதைக் கண்டு தைராய்டு டி4 சுரக்கும். டி4 குறைந்தால் மேலே இருக்கும் இரண்டும் விரட்ட ஆரம்பிக்கும். உன் டி.எஸ்.எச். ஏறியிருப்பதன் பொருள் இதுதான். சிக்கல் என்னவென்றால், டி.ஆர்.எச். கூடும்போது பிட்யூட்டரி புரோலாக்டினையும் சேர்த்துக் கூடுதலாக விடும். அது பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். அது ஏறினால், சினைப்பையை இயக்கும் மூளையின் துடிப்புகள் மந்தமாகிவிடும். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவளுக்குப் பல மாதம் தீட்டு வராமல் இருப்பதும் இதே வழியில்தான். முட்டை வளரும், வெடிக்காது. அல்லது தாமதமாக வெடிக்கும். வெடித்தாலும் அதன்பின் சுரக்கவேண்டிய, கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் போதாமல் போகலாம். உன் 42 நாள் இடைவெளிக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டி.எஸ்.எச். ஏறி, டி4ம் குறைந்துபோனால் அது வெளிப்படையான குறைபாடு. அதில் முட்டை வெடிப்பு பாதிக்கப்படுவதும், கரு கலையும் ஆபத்து கூடுவதும் தெளிவாகத் தெரிந்தவை. உன்னுடையது அப்படியல்ல. டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் ஏறியிருக்கும் ஆரம்ப நிலை, சப்கிளினிக்கல் என்பார்கள். இதில் இயற்கையாகக் கருத்தரிக்க மாத்திரை எந்த அளவுக்கு உதவும் என்பதற்கு அத்தனை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் வரை குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கலாம் என்றுதான் அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. சோதனைக் குழாய் முறையான ஐ.வி.எஃப். வரை போகிறவர்களுக்கு, டி.எஸ்.எச். 2.5க்குக் கீழ் இருக்கும்படி மாத்திரை கொடுக்கவே சொல்கிறது. உனக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது, புரோலாக்டினும் ஏறியிருக்கிறது. உன் டாக்டர் 50 மைக்ரோகிராம் எழுதியது எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல், டி.எஸ்.எச்.ஐ இன்னொரு முறை எடுத்துப் பார்க்கக் கேள். காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ வந்து தேறும் சமயத்தில்கூட அது தற்காலிகமாக ஏறும். கூடவே தைராய்டைத் தாக்கும் டி.பி.ஓ. ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். அது பாசிட்டிவ் என்றால் நம் உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது, குறைபாடு மெல்ல மெல்லக் கூடக்கூடும், கர்ப்பத்தில் கண்காணிப்பு இன்னும் நெருக்கமாக வேண்டும் என்று பொருள். ஆன்டிபாடி மட்டும் இருந்து டி.எஸ்.எச். சரியாக இருப்பவர்களுக்கு 50 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று பிரிட்டனில் நடந்து 2019இல் வெளியானது. அதில் குழந்தை பிறப்பு விகிதம் கூடவில்லை. அதனால் ஆன்டிபாடி எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதே.

புரோலாக்டின் 34ஐப் பார்த்துவிட்டு யாராவது உடனே அதற்குத் தனி மாத்திரை, எம்.ஆர்.ஐ. என்று ஆரம்பித்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல். ஊசி குத்தும் பதற்றத்திலேயே அது ஏறும். தைராய்டு சரியானால் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். டி.எஸ்.எச். இறங்கியபின் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தலைவலி, பார்வை மங்கல் இருந்தாலோ, எண் மிக உயரத்தில் இருந்தாலோ அது வேறு விஷயம், அப்போது காத்திருக்கக் கூடாது. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டிகள் தெரிந்து பி.சி.ஓ.எஸ். என்று சொன்னாலும் இதேதான். தைராய்டும் புரோலாக்டினும் காரணமில்லை என்று உறுதியான பிறகுதான் அந்தப் பெயரை வைக்க வேண்டும். சுரப்புக் குறைவு தீவிரமாக இருந்தால் அதுவே சினைப்பையில் கட்டிகளை உண்டாக்கி, மாத்திரை எடுத்தபின் கரைவதும் உண்டு.

இனி மாத்திரை. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உனக்கு எழுதிய தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸின் சின்னதுதான், ஆனால் குடலில் எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் போடு. அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் வேண்டாம், காபியும்கூட. காலையில் முடியாது என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து குறைந்தது மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாம். எதுவானாலும் தினமும் ஒரே மாதிரி.

இரும்புச்சத்து, கால்சியம், அசிடிட்டிக்கான ஆன்டாசிட் இவற்றுக்கும் இதற்கும் நடுவே நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்குக் கொடுக்கும் மல்ட்டிவைட்டமினில் பெரும்பாலும் இரும்பும் கால்சியமும் இருக்கும். நல்லதுதானே என்று காலையில் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரையில் ஒரு பகுதி வீணாகிவிடும். ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். இறங்கவில்லை என்று டோசைக் கூட்டுவார்கள், தவறு டோசில் இல்லை. வைட்டமினை மதியத்துக்கோ இரவுக்கோ மாற்று. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும் எடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும்.

இரும்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தைராய்டு குறைந்தால் மாதவிடாயில் இரத்தப்போக்கு கூடும், கூடினால் இரும்பு குறையும். தைராய்டு தன் ஹார்மோனைச் செய்யப் பயன்படுத்தும் நொதிக்கே இரும்பு வேண்டும். ஆக ஒன்று இன்னொன்றைக் கீழே இழுக்கும். உனக்கு ஐந்தாறு நாள் அதிகமாகப் போகிறது என்று சொன்னாயே, ஹீமோகுளோபினோடு, உடலில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் எடுத்துவிடு.

ரத்தம் எடுப்பதிலும் நேரம் முக்கியம். இந்த ஹார்மோன் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் டோசை ஆரம்பித்தாலோ மாற்றினாலோ அளவு நிலைபெற ஆறு வாரம் வேண்டும். இரண்டு வாரத்தில் எடுத்துப் பார்த்தால் வரும் எண் பாதி வழியில் இருக்கும், அதை வைத்து டோசை மாற்றினால் குழப்பம்தான். ஒருநாள் மாத்திரை விட்டுப்போனால் பதறவேண்டாம் என்பதற்கும் இதே காரணம். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டால் கணக்கு கெட்டுவிடும். ரத்தம் கொடுக்கும் அன்று, ரத்தம் கொடுத்தபின் மாத்திரை போடு, முன்பே போட்டால் ஃப்ரீ டி4 கூடுதலாகத் தெரியும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமினை வாங்கிச் சாப்பிடுகிறாயா? அப்படியென்றால் கவனம். பல ஆய்வகங்களின் சோதனை முறையை அது ஏமாற்றும், டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். தைராய்டு குறைவால் முடி கொட்டும், முடிக்காகப் பயோட்டின், பயோட்டினால் ரிப்போர்ட் நன்றாக வரும், அதைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பார்கள். பாவம், அந்தப் பெண்ணுக்கு எங்கே தவறு என்றே தெரியாது. குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்து. அதிக அளவு எடுப்பதாக இருந்தால் எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டுக்கொள்.

டி.எஸ்.எச்.இல் எதிர்பார்க்க வேண்டிய எண் 2.5க்குக் கீழே, அதே சமயம் ஆய்வகத்தின் கீழ் வரம்புக்கு மேலே. மிகவும் கீழே இறக்குவதும் நல்லதல்ல, படபடப்பு வரும். அதுவரை முயற்சியை நிறுத்த வேண்டுமா என்றால், உன் அளவுக்குப் பொதுவாக நிறுத்தச் சொல்லமாட்டார்கள். டி4 குறைந்தவர்களைத்தான் சரியான பிறகு கருத்தரிக்கச் சொல்வார்கள். டாக்டரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்.

முட்டை வெடிக்கிறதா என்று பார்க்க 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் எழுதியிருக்கிறார்களே, அது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கான நாள். கணக்கு என்னவென்றால் அடுத்த தீட்டுக்கு ஏழு நாள் முன்பு. உனக்கு 38 நாள் என்றால் 31ஆம் நாள். 21இல் எடுத்தால் முட்டை இன்னும் வெடித்தே இருக்காது, எண் குறைவாக வரும், முட்டையே வெடிக்கவில்லை என்று தவறாக எழுதிவிடுவார்கள். உனக்கு ஒரே சீராக வருவதில்லை என்பதால் 28ஆம் நாள் ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று என்று இரண்டு முறை எடுப்பதே மேல். ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமைத் தாண்டினால் வெடித்திருக்கிறது என்று பொருள்.

இப்போது அந்த வேலைக்கு வருகிறேன். பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்த அன்றே தைராய்டு ஹார்மோனின் தேவை ஏற ஆரம்பித்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் ரத்தத்தில் டி4ஐப் பிடித்துவைக்கும் புரதம் கூடும். நஞ்சுக்கொடி ஒரு பங்கைச் செலவழிக்கும், குழந்தைக்கும் ஒரு பங்கு போகும். குழந்தையின் சுரப்பி தானாக முழு வேலைக்கு வர 18 முதல் 20 வாரம் ஆகும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு உன்னுடைய டி4தான். நன்றாக இருக்கும் தைராய்டு இந்தக் கூடுதலைத் தானே சமாளிக்கும். மாத்திரையை நம்பியிருப்பவளுக்கு அந்த வசதி குறைவு. முதல் செக்கப்புக்கு நாள் கிடைக்க எட்டாவது வாரம் ஆகும், அதற்குள் விலைமதிப்பில்லாத மூன்று நான்கு வாரம் போய்விடும். அதனால்தான் மாத்திரை எடுப்பவர்கள் கர்ப்பம் தெரிந்ததும் டோசை 20 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டும் என்கிறார்கள். எளிய வழி, வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது. இரண்டு நாள் மட்டும் இரட்டை மாத்திரை.

இதை நீயாகச் செய்யாதே. ஆனால் கர்ப்பமானபின் கேட்டுக்கொள்ளலாம் என்றும் விட்டுவிடாதே. அடுத்த முறை போகும்போதே, "பாசிட்டிவ் என்று தெரிந்தால் அன்றே நான் எத்தனை மாத்திரை போட வேண்டும்?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள். அன்றோ மறுநாளோ டி.எஸ்.எச். எடுக்கவும் ஒரு சீட்டு வாங்கி வை. அதன்பின் 20 வாரம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 30ஆம் வாரம் பக்கம் ஒருமுறை. பிரசவமானதும் பழைய டோசுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபடி. தாய்ப்பால் கொடுக்க இந்த மாத்திரை தடையே இல்லை. யார் என்ன சொன்னாலும் கர்ப்பத்தில் இதை நிறுத்திவிடாதே.

டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் கலந்த மாத்திரையும், விலங்கின் தைராய்டிலிருந்து செய்த மாத்திரையும் உனக்கு வேண்டாம், கருவின் மூளைக்குப் போய்ச் சேர்வது டி4. கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு எதையும் நீயாக வாங்காதே. அயோடின் வேண்டும்தான், ஆனால் அளவு மீறினால் தைராய்டு இன்னும் சுணங்கிவிடும்.

மாப்பிள்ளையிடமும் சொல். இத்தனையும் உன் ரத்தத்தை வைத்தே நடக்கிறது, அவருடைய விந்துப் பரிசோதனை இன்னும் ஆகவில்லை. இரண்டு முதல் ஐந்து நாள் இடைவெளி விட்டு ஒருமுறை கொடுத்தால் போதும். ஆண்களுக்கும் தைராய்டு குறைந்தால் விந்தணுக்களின் வடிவம் கெடலாம், நாட்டம் குறையலாம், மாத்திரையில் அது சரியாகும். உனக்கு 31 வயது. சாதாரணமாக ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் மற்ற சோதனைகளுக்குப் போவார்கள், 35 தாண்டினால் ஆறு மாதம். ஆனால் மாதவிடாய் சீராக இல்லாதபோது அந்தக் கணக்கு பொருந்தாது. டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே வந்து மூன்று நான்கு மாதமாகியும் சுழற்சி சீராகவில்லை என்றால் தைராய்டையே பிடித்துக்கொண்டிருக்காமல் அடுத்தகட்டத்துக்குப் போங்கள்.

மாத்திரையை என்றைக்கு ஆரம்பித்தாய் என்று எழுது. அதிலிருந்து ஆறு வாரம் எண்ணி நானும் இங்கே காலண்டரில் குறித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா