பஞ்சுவை நடக்கக் கூட்டிப்போகும் பாப்பாவுக்கு

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. உங்கள் தெருவில் ஒரு வீட்டு ராட்வைலர் கேட்டைத் தாண்டி வந்து உன் சின்ன நாய் பஞ்சுமேல் பாய்ந்ததை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு அங்கேயேதான் இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடும், அதனால் எழுதி அனுப்புகிறேன், ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

பஞ்சுவுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்றாய், அது போதும். ஆனால் நீ சொன்னதில் ஒரு வார்த்தை எனக்குள் நின்றுவிட்டது. "திடீர்னு பாஞ்சிடுச்சுப்பா" என்றாய். நம்ம சந்தூர் தோப்பில் மாங்காய்க் காவலுக்கு எப்போதும் பெரிய நாய்கள்தான், நீயும் அவற்றோடுதான் வளர்ந்தாய். அவற்றைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன், பெரிய நாய் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். தெருமுனையிலேயே அதன் உடம்பு சொல்லிவிடும். நீ அப்போது பஞ்சுவைப் பார்த்துக்கொண்டிருப்பாய், இல்லையென்றால் செல்லைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நடக்கப் போகும்போது கண் முன்னால் இருக்கட்டும். நாற்பது அடி தூரத்தில் பார்த்துவிட்டால் உன்னால் எத்தனையோ செய்ய முடியும், நாலு அடியில் பார்த்தால் கடவுளைக் கூப்பிடுவதைத் தவிர ஒன்றுமில்லை.

என்ன பார்க்க வேண்டும் என்று கேட்பாய். கேட்டுக்குள் நின்று, விடாமல் குரைக்கிற நாயைக் கண்டு நீ பயப்படுகிறாய், அது பெரும்பாலும் 'இது என் இடம், தள்ளிப் போ' என்று சொல்கிறது, அவ்வளவுதான். தள்ளிப் போய்விடு. குரைக்காமல், வாயை மூடிக்கொண்டு, உடம்பு விறைத்து, கண் இமைக்காமல் பஞ்சுவையே பார்த்துக்கொண்டு நிற்கிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும். வால் ஆட்டுகிறதே என்று நம்பிவிடாதே. உடம்பெல்லாம் தளர்ந்து இடுப்போடு சேர்த்து வாலை வீசி வீசி ஆட்டினால் அது சினேகம். வாலை மேலே தூக்கி விறைப்பாக, நுனி மட்டும் சின்னதாக ஆடினால் அது சினேகம் இல்லை. நல்லபடியாக வருகிற நாய் நேராக வராது, கொஞ்சம் வளைந்து, நடுவில் தரையை மோந்துகொண்டு வரும். தலையைத் தாழ்த்தி நேர்கோட்டில் வந்தால் ஒரு நொடிகூட யோசிக்காமல் திரும்பிவிடு.

இன்னொன்று. குணம் கெட்ட நாய்தான் கடிக்கும் என்று நினைக்காதே. நம்ம வீரன் எவ்வளவு சாது, குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருப்பான். அவனே தோப்பில் முயல் ஓடினால் வேறு நாய் ஆகிவிடுவான், கூப்பிட்டாலும் காது கேட்காது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் மாதிரி வேட்டைக்கு வளர்த்த சாதிகளுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது. சின்னதாக, முடியோடு, வேகமாக ஓடி, கீச்சென்று கத்துகிற ஒன்று எதிரே வந்தால் அது நாயா முயலா என்று பார்க்க அதற்கு நேரமிருக்காது. பஞ்சு நாலு கிலோதானே, அந்த ராட்வைலர் நாற்பதுக்குக் குறையாது. விளையாட்டுக்கு ஒரு கால் போட்டாலே பஞ்சுவுக்கு முதுகு போய்விடும். அதனால் "எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க" என்று யாராவது சங்கிலியைத் தளர்த்தினால், முகத்துக்காகப் பார்க்காதே, "எங்களுது பயப்படுங்க, கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கம் போ. பெரியவர்களாக இருந்தாலும் சொல், மரியாதையாகச் சொன்னால் தப்பே இல்லை.

திரும்பி நடப்பதை வீட்டுக்குள்ளேயே பழக்கு. ஹாலில் நடந்துகொண்டே இரு, "வா" என்று ஒரே குரலில் சொல்லி நீ திரும்பு, அவனும் திரும்பி வந்ததும் வேகவைத்த கோழிக்கறியில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு கொடு. நன்றாகப் பழகின பிறகு மாடிப்படியில், அப்புறம் காலி ரோட்டில். பெரிய நாய் எதிரே தெரிந்ததும் நீ சங்கிலியை வெடுக்கென்று இழுத்தால் அவனுக்குக் கழுத்து இறுகும், எதிரே இருப்பதால்தான் வலிக்கிறது என்று நினைத்து அவனே முதலில் குரைப்பான், அந்தக் குரைப்பே வம்பை இழுத்து வரும். சங்கிலி தொய்வாக இருக்கட்டும், "வா" என்று சொல், திரும்பு, நட. வழியில் நிற்கிற கார், ஆட்டோ, தண்ணீர் லாரி எதையும் மறைப்பாகப் பயன்படுத்திக்கொள். ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் பாதி பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கழுத்து பெல்ட்டை லைசென்ஸ் வில்லை மாட்ட மட்டும் வைத்துக்கொள், சங்கிலி மாட்டுவது மார்போடு போடுகிற ஹார்னஸில். இந்தச் சின்ன சாதிகளுக்கு மூச்சுக்குழாய் மெலிசு, கழுத்தில் இழுத்து இழுத்து அது தட்டையாகிப்போய் வாத்து மாதிரி இருமுகிற பொமரேனியன்களை நானே பார்த்திருக்கிறேன். முதுகில் கைப்பிடி வைத்த ஹார்னஸாக வாங்கு, அவசரத்துக்குத் தூக்க உதவும். பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகிற கயிறு வேண்டவே வேண்டாம், அவன் இருபது அடி முன்னால் இருக்கும்போது நீ எப்படிக் காப்பாற்றுவாய்? ஐந்தடிக் கயிறு போதும்.

தூக்குவதைப் பற்றி. தூக்கவே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை, நாலு கிலோ நாயைத் தூக்காமல் வேறு என்ன செய்வது. ஆனால் முன்கூட்டியே தூக்கு. அந்த நாய் உன் காலடிக்கு வந்த பிறகு தூக்கினால் அது மேலே தாவும், பஞ்சுவுக்கு வர வேண்டிய கடி உன் கையிலும் முகத்திலும் விழும். ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்தில், நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு உன் தோளை அந்த நாய்ப் பக்கம் திருப்பு. தலைக்கு மேலே தூக்கிக் காட்டாதே. கத்தாதே, ஓடாதே, அன்றைக்கு ஓடினாயே, அது இன்னும் துரத்தத்தான் தோன்ற வைக்கும். அருகில் எந்த வீட்டு கேட் இருந்தாலும் உள்ளே நுழைந்து சாத்திக்கொள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சும்மா தூரத்தில் போகிற நாய்க்கெல்லாம் தூக்காதே, அப்புறம் கையில் உட்கார்ந்துகொண்டே எல்லா நாயையும் பார்த்துக் குரைக்கிற பழக்கம் வந்துவிடும்.

குடை எடுத்துக்கொண்டு போ. பட்டனை அமுக்கினால் படாரென்று விரிகிற குடை. வருகிற நாயின் முகத்துக்கு நேரே விரித்தால் பெரும்பாலான நாய் திகைத்து நின்றுவிடும், நடுவில் ஒரு தடுப்பும் ஆகும். பாக்கெட்டில் ஒரு கைப்பிடி பிஸ்கெட் வைத்துக்கொள், தெருநாய் பக்கத்தில் வந்தால் அதற்குப் பின்னால் விழுகிற மாதிரி வீசிவிட்டு நகர்ந்துவிடு.

தெருநாய்களுக்கு எல்லை உண்டு. டீக்கடை வரை ஒரு கூட்டம், கோயில் வரை ஒரு கூட்டம். பின்னாலேயே குரைத்துக்கொண்டு வரும், அதன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும். அந்த எல்லை எங்கே என்று பஞ்சு இல்லாமல் நீ மட்டும் நடந்து பார்த்துத் தெரிந்து வை. பாகலூர் ரோடு பக்கம் கறிக்கடை வரிசை இருக்கிறதென்றாயே, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கமே தலை வைக்காதே, கழிவுக்காக நாய்கள் கூடி அதுகளுக்குள்ளேயே சண்டை நடந்துகொண்டிருக்கும். ஐப்பசி தாண்டினால் குட்டி போட்ட பெட்டைகள் நிறைய இருக்கும், குட்டி கண்ணில் பட்டால் அந்தத் தெருவைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடு. மார்கழியில் ஓசூர்ப் பனி உனக்குத் தெரியும், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, விடியற்காலையில் போகாமல் ஸ்கூல் வேன்கள் ஓட ஆரம்பித்த பிறகு போ. காதில் ஓரமாகச் சின்னதாக வெட்டியிருந்தால் அது கருத்தடை ஆன நாய். நாய்க் கருத்தடைக்கான 2023 விதிப்படி அறுவை செய்து ஊசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், அந்த மாதிரி நாய்கள் இருக்கிற தெரு பொதுவாக அமைதியாக இருக்கும். வெட்டு இல்லாத நாய்கள் கூட்டமாக இருந்தால் மாநகராட்சியில் எழுதிக் கொடு. நீ சோறு வைக்கிறாய் என்று அம்மா சொன்னாள், நல்ல காரியம்தான் சாமி, ஆனால் பஞ்சு கூட இருக்கும்போது வைக்காதே, உங்கள் கேட் முன்னாலும் வைக்காதே. சோற்றுக்காக வருகிற சண்டையில் சின்னது நடுவில் மாட்டிக்கொள்ளும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. இத்தனைக்கும் மேல் ஒரு நாய் கவ்விவிட்டால் வாய்க்குள் கையை விடாதே, பஞ்சுவைப் பிடித்து இழுக்காதே, இழுத்தால் சதை கிழியும். தண்ணீர் இருந்தால் அதன் மூக்கில் ஊற்று. ஆள் இருந்தால் அந்த நாயின் பின்னங்கால் இரண்டையும் தூக்கிப் பின்னால் இழுக்கச் சொல். விட்டதும், ரத்தம் வரவில்லை, நடக்கிறான், சாப்பிடுகிறான் என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதே, நேராக டாக்டரிடம் போ.

கிருஷ்ணகிரியில் நம்ம சொந்தக்காரர் வீட்டில் ஒரு வெள்ளைப் பொமரேனியன் இருந்ததே, அதை ஒரு அல்சேஷன் கவ்வி உதறியபோது டாக்டரிடம் நானும் கூடப் போனேன். வெளியே பார்த்தால் முதுகில் இரண்டு பல் பட்ட ஓட்டை, மிளகு அளவு, ரத்தம்கூட ஒரு சொட்டுதான். டாக்டர் முடியை மழித்துவிட்டு விரலை வைத்து அழுத்தினார், அடியில் தோல் சதையோடு ஒட்டாமல் தனியாக நழுவியது, உள்ளே காற்று கரகரத்தது. பெரிய நாய் உதறும்போது அதன் பல்லோடு தோல் நகர்கிறது, உள்ளே சதை கிழிகிறது, விலா உடைகிறது, வெளியே ஓட்டை மட்டும்தான் தெரியும் என்றார். அன்றைக்கே கொண்டுபோனதால் அது பிழைத்தது. இப்போதே விசாரித்து வை, உன் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கால்நடை டாக்டர் எத்தனை மணி வரை இருக்கிறார், இரவில் என்றால் அத்திப்பள்ளி தாண்டி எங்கே திறந்திருக்கும் என்று. நம்பரை செல்லில் போட்டு வை.

உன்மேல் பல் பட்டால், லேசான கீறலாக இருந்தாலும், குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று கையில் தோலுக்குள் போடுவார்கள், காசு கிடையாது, ஒரு நாளும் விடக்கூடாது. ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடுகிற மருந்து தனியாக இருக்கிறது, அதையும் கேட்டு வாங்கு. பஞ்சுவைக் கடித்திருந்தால் அவன் முடியில் அந்த நாயின் எச்சில் இருக்கும், கையுறை போட்டுக்கொண்டு தொடு. அவனுக்கு வருஷ ஊசி போட்டிருந்தாலும் டாக்டர் சொல்கிறபடி மறுபடி போட்டுவிடு.

அந்த ராட்வைலர் வீட்டுக்காரரிடம் நீ போய்ப் பேசு. கேட்டுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி போடச் சொல். ஒப்புக்கொண்டால் சரி. இல்லையென்றால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவு இருக்கிறது, தன் மிருகத்தால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். முதல் பேச்சிலேயே இதை எடுக்காதே, தினமும் முகம் பார்க்க வேண்டிய மனுஷர். பேச்சு சரிப்பட்டு வரவில்லை என்றால் சொல், நான் பஸ் ஏறி வருகிறேன்.

பொங்கலுக்கு நீ வரும்போது பஞ்சுவையும் கூட்டி வா, அம்மா ஆசையாக இருக்கிறாள். வீரனையும் கருப்பியையும் அன்றைக்குக் கட்டித்தான் வைத்திருப்பேன். முதலில் வீட்டுக்குள் இல்லை, ரோட்டில், நீ பஞ்சுவோடு முன்னால் நட, நான் வீரனைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் பின்னால் வருகிறேன், ஒரே திசையில், மோந்து பார்க்க விடாமல் கொஞ்ச தூரம். வீரன் தளர்ந்தால் பக்கத்தில் வரலாம். கருப்பி வேறொரு நாள். சோற்றுத் தட்டு பக்கத்தில் மூன்றும் சேரக்கூடாது, எவ்வளவு பழகிப் படுத்திருந்தாலும் நாம் இல்லாமல் தனியாக விடக்கூடாது. எருது விடும் விழாவுக்குப் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று உன் தம்பி சொல்கிறான், வேண்டாம். மாடு, வெடி, கூட்டம், நாலு ஊர் நாய், எதுவும் அவனுக்கு ஆகாது, அன்றைக்கு நான் அவனோடு வீட்டில் இருந்துகொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்.

ஊசி போட்ட அட்டையை மறக்காமல் எடுத்து வா. ஹார்னஸ் வாங்கிவிட்டால் ஒரு போட்டோ அனுப்பு, இரண்டு விரல் உள்ளே நுழைகிற அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்
அப்பா