அளவு சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

நர்சம்மா, அங்கன்வாடி டீச்சர், ஆயாம்மா, மாவு மில் அண்ணாச்சி, கீழ வீட்டு ஆச்சி, மருந்துக்கடைத் தம்பி, எலக்ட்ரீஷியன் அண்ணன், வெல்டிங் பட்டறை அண்ணன் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் தெருவில் ஐந்து வயசுக்குள் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுகிறோம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. "கொஞ்சமா குடு", "லேசா வறு", "செத்த நேரம் பாரு" என்று விலாசம் கேட்க வந்தவர்கூடச் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கொஞ்சம் எத்தனை மில்லி, அந்த லேசா எதுவரைக்கும், அந்தச் செத்த நேரம் எத்தனை மணி என்று சொன்னவர்கள் நீங்கள்தான். அதனால் நீங்கள் சொன்ன அளவுகளையே திருப்பி எழுதி நன்றி சொல்கிறோம். அடுத்து பிரசவத்துக்கு நாள் எண்ணுகிற வீடுகளுக்கும் இது கையில் இருக்கட்டும்.

முதல் நன்றி மில் அண்ணாச்சிக்கு. முறைப்படி நர்சம்மாதான் முதலில் வரவேண்டும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆச்சி சொன்ன சத்துமாவுக் கணக்கு இது: கேழ்வரகு அரை கிலோ, புழுங்கலரிசி கால் கிலோ, கோதுமை கால் கிலோ, பாசிப்பயறு 200 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், தோல் நீக்கிய நிலக்கடலை 50 கிராம். தானியம் மூன்று பங்கு என்றால் பயறும் கடலையும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு பங்கு. இருபது முப்பது சாமான் சேர்த்த மாவு உசத்தி என்பது கடைக்காரர் பேச்சு. பிள்ளைக்கு மேலில் தடிப்பு வந்தால் முப்பதில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் ஒவ்வொரு தானியத்தையும் தனித்தனியாக மூன்று நாள் கொடுத்துப் பார்த்த பிறகே கலக்கச் சொன்னார் ஆச்சி.

கேழ்வரகை மட்டும் முளைகட்ட வேண்டும். இரவு ஊறப்போட்டு, காலையில் நீரை வடித்து, ஈரத் துணியில் தளர்வாக முடிந்து வைத்தால் ஒன்று ஒன்றரை நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். துணி காயக் காயத் தண்ணீர் தெளிக்கணும். இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறிப் புளித்துவிடும். வழவழப்பும் புளிப்பு வாடையும் வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான். இவ்வளவு பாடு எதற்கு என்றால், முளைவிடும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது. அது மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி களி மாதிரி இறுகாது. அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு கரைக்கலாம். பிள்ளை வயிறு சின்னது, நாலு வாய் குடித்தாலும் சத்து உள்ளே போகும். முளைத்ததை நிழலில் மொறுமொறுவெனக் காயவைத்து, சிறு தீயில் வாசம் வரும்வரை புரட்டினால் போதும். நிறம் மாறும்வரை வறுத்தால் முளைகட்டிய பலன் போய்விடும்.

இனி மில். காலையில் கடை திறந்ததும் மிளகாய்க்கும் மல்லிக்கும் முன்னால் பிள்ளை மாவுதான் என்று அண்ணாச்சி வைத்திருக்கிற வழக்கம் பல வீடுகளின் தூக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறது. மிளகாய் ஓடிய கல்லில் அரைத்த மாவு நிறத்தில் ஒன்றும் காட்டாது. பிள்ளை வாயில் வைத்ததும் வீறிடும்போதுதான் தெரியும். அதற்காகவே முதலில் ரெண்டு கை பச்சரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவைக் கோலத்துக்கென்று தனியே கட்டித் தருவார். அடுத்து விழுகிற மாவை உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்த பிறகுதான் எங்கள் தூக்குவாளியைக் குழாய்க்குக் கீழே தள்ளுவார். வீட்டுக்குப் போனதும் மூடியைத் திறந்து மாவை வேட்டித் துணியில் பரப்பி ஆறவிடச் சொன்னதும் அவர்தான். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்க்கும். அந்த ஈரத்தில் கட்டி தட்டும், பிறகு வண்டு வரும். சலித்து, ஒரு மாசத்துக்கு மேல் தாங்குகிற அளவுக்கு அரைக்காமல் இருந்தால் போதும்.

மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றணும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ரெண்டு மேசைக்கரண்டி, கிண்டிக்கொண்டே ஏழெட்டு நிமிஷம். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடாமல் கெட்டியாக விழுகிற பதம். ஆறு மாசம் முடிந்ததும் ஒரு வேளைக்கு ரெண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, எட்டு மாசத்துக்குள் 250 மில்லிக் கிண்ணத்தில் பாதி. நாளுக்கு ரெண்டு மூன்று வேளை. ஒரு வயசு தாண்டினால் முக்கால் கிண்ணம் முதல் முழுக் கிண்ணம், மூன்று நாலு வேளை. ஒரு வயசு வரை உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கிருமி வித்து சிசுவின் குடலில் வளர்ந்து நரம்பை முடக்கும். நாக்கில் தேன் தடவுகிற சடங்கை ஆச்சியே நிறுத்தி வைத்தது தனி நன்றிக்குரியது. எண்பதைத் தாண்டியவர் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். நாற்பது வயசுச் சித்தப்பாக்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

நர்சம்மாவுக்கு வருகிறோம். புதன்கிழமை ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்புவதற்கு நன்றி. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிக்குப் பிறகு அன்றிரவு காய்ச்சல் வரலாம், தொடையில் வீங்கலாம், தேய்க்காதே, சுடு ஒத்தடம் போடாதே என்று சொன்னீர்கள். பிறந்ததும் இடது தோளில் போடுகிற காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி சில வாரம் கழித்துக் கொப்புளமாகிச் சீழ் வைத்து, தானே ஆறித் தழும்பாகும். மஞ்சளும் திருநீறும் களிம்பும் அதற்கு ஆகாது. தேதி தவறிப்போன பிள்ளைகளைத் திட்டாமல், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம் என்று சொன்னதால்தான் சில வீடுகள் வெட்கத்தை விட்டுத் திரும்பி வந்தன.

காய்ச்சல் மருந்துக் கணக்கை மருந்துக்கடைத் தம்பி மார்க்கர் பேனாவால் டப்பா மேலேயே எழுதித் தருகிறார். அதில் ஒரு விபரீதம் ஒளிந்திருப்பது பல பேருக்குத் தெரியாது. பாரசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250. எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தால் எட்டுக் கிலோப் பிள்ளைக்கு 120 மில்லிகிராம்: சொட்டு மருந்தில் 1.2 மில்லி, 125 சிரப்பில் ஏறக்குறைய 5 மில்லி, 250 சிரப்பில் 2.4 மில்லி. பெயர் ஒன்றுதானே என்று சொட்டு மருந்தை ஒரு ஸ்பூன் ஊற்றினால் நாலு மடங்குக்கு மேல் போய்விடும். சமையலறை ஸ்பூனும் உதவாது; ஒன்று மூன்று மில்லி பிடிக்கும், இன்னொன்று ஏழு. ஊசி இல்லாத சிரிஞ்சை அவர் இலவசமாகத் தருவது அதனால்தான். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளுக்கு நாலு வேளைக்கு மேல் இல்லை. மூன்று மாசத்துக்குள் காய்ச்சல் என்றால் மருந்தே கொடுக்காமல் "டாக்டர்ட்ட போங்கக்கா" என்று திருப்பி அனுப்புவார். இருமல் சிரப் கேட்டால் சண்டையே போடுவார். ரெண்டு வயசுக்குள் கொடுக்கவே கூடாது, ஐந்து வயசு வரை பொதுவாகத் தேவையில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதார சேவைகள் இயக்ககம் சொன்ன பிறகு அவர் சண்டைக்கு அரசு அறிவுரையின் பலமும் வந்துவிட்டது.

வயிற்றுப்போக்கு விஷயத்தில் எங்களுக்கு அறிமுகமில்லாத ரெண்டு பேருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் டாக்டர் திலீப் மஹலனாபிஸ். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையிலிருந்த அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை (ஓஆர்எஸ் என்கிறோமே, அதுதான்) உறவினர்கள் கையாலேயே புகட்டவைத்தார். 30 சதவீதமாக இருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்னொருவர் ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ். ஓஆர்எஸ் என்று பெயர் போட்டுக்கொண்ட சர்க்கரைப் பானங்களை எதிர்த்து எட்டு வருஷம் மல்லுக்கட்டினார். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை இல்லாத பானத்துக்கு அந்தப் பெயர் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. சர்க்கரை அதிகமானால் அது உடம்பிலிருக்கிற தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும்; போக்கு நிற்காது, கூடும். ஆகவே பழப்படம் போட்ட அட்டைப்பெட்டி வேண்டாம். பொட்டலத்தில் 20.5 கிராம் என்று இருக்கிறதா, அதைப் பாருங்கள்.

அந்தப் பொட்டலத்தைக் கலப்பதில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. ஒரு லிட்டர் தண்ணீருக்கு முழுப் பொட்டலம், ஒரே தடவையில். கால் பொட்டலத்தைக் கண்ணளவில் டம்ளரில் தட்டினால் உப்பு எவ்வளவு விழுந்தது என்று தெரியாது. கூடினால் ஆபத்து, குறைந்தால் பிரயோசனமில்லை. பாலிலோ பழச்சாறிலோ கலக்கக் கூடாது, கலந்ததைக் காய்ச்சக் கூடாது, 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ரெண்டு வயசுக்குள் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி; அதற்கு மேல் 100 முதல் 200. கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலும் சோறும் நிற்கக் கூடாது. கூடவே ஜிங்க் மாத்திரையைக் கரண்டித் தண்ணீரில் கரைத்து 14 நாள்: ஆறு மாசத்துக்குள் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. மூன்றாம் நாள் போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்துவதுதான் வழக்கமான பிழை. நடுராத்திரி பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நாக்கில் வைத்தால் கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது என்று நர்சம்மா சொன்ன ருசிக் கணக்கு யாருக்கும் மறக்காது. கண் குழி விழுந்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், ஆறு மணி நேரம் மூத்திரம் போகாவிட்டாலும், குடிக்கத் தெம்பில்லாமல் துவண்டாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு 108.

ஆச்சிக்கு இன்னொரு நன்றி, தொட்டிலுக்காக. பழைய பருத்திச் சேலைதான் வேணும். பாலியஸ்டரில் முடிச்சு வழுக்கும். கொக்கியில் உரசுகிற இடம்தான் முதலில் நைந்துபோகும், அதனால் வாரம் ஒரு தடவை சேலையை ஒரு சாண் நகர்த்திக் கட்டணும். தொட்டிலின் அடி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகக் கூடாது, கீழே மெத்தை. இதெல்லாம் எல்லா ஆச்சிகளும் சொல்வார்கள். பிள்ளை தூங்கி எழுந்ததும் சேலையைச் சுருட்டி மேலே முடிந்து போடு என்று எங்கள் ஆச்சிதான் விடாமல் சொன்னார். ஆபத்து தொட்டிலில் கிடக்கிற சிசுவுக்கு மட்டுமில்லை. வெறும் தொட்டிலில் ஏறி முறுக்கிச் சுற்றி விளையாடுகிற மூத்ததுக்கும்தான். முறுக்கு கழுத்தில் விழுந்தால் கத்தக்கூட முடியாது.

அங்கன்வாடி டீச்சர் எடை பார்க்கும்போது கொலுசையும் அரைஞாணையும் கழற்றச் சொல்வது சிலருக்குச் சடவாக இருந்தது. தராசில் வெறும் தொட்டிலை மாட்டி முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, பிள்ளை அசையாதபோது கண் மட்டத்தில் படித்தால்தான் அது எடை. பிறந்த எடை ஐந்து மாசத்தில் இரட்டிப்பு, ஒரு வயசில் மூன்று மடங்கு. கொழுக்மொழுக் என்றிருப்பதை நம்பாமல், அட்டையில் கோடு ரெண்டு மாசம் படுத்துக் கிடந்தால் கேளுங்கள் என்றார். ஆயாம்மா, கை கழுவாத பிள்ளையை வாசலிலேயே நிறுத்துவீர்களே, அதற்கும் நன்றி.

எலக்ட்ரீஷியன் அண்ணன் போட்ட, மின்கசிவு வந்தால் கரண்டை உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாசம் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறோம். வெல்டிங் அண்ணன் மாடிக் கைப்பிடியில் குறுக்குக் கம்பியை வெட்டிவிட்டு நெடுக்குக் கம்பி வைத்தார், நாலு அங்குலத்துக்குள் இடைவெளி. குறுக்குக் கம்பி பிள்ளைக்கு ஏணி. சம்ப்பு மூடிக்குப் பூட்டுக் கொண்டியும் அவர் வேலைதான். வாளியில் அரை அடித் தண்ணீரே தவழும் பிள்ளைக்குப் போதும் என்பதால் எல்லா வாளியும் இப்போது கவிழ்ந்துதான் கிடக்கின்றன.

அப்பாக்களுக்கென்று தனியே ஒரு பத்தி எழுதவில்லை. சொந்தப் பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது உதவிக் கணக்கில் வராது.

இப்படிக்கு,
தெருவின் அம்மாக்களும் அப்பாக்களும்

பி.கு: அண்ணாச்சி, பச்சை மூடி போட்ட தூக்குவாளி ஒன்று உங்கள் கடையிலேயே நிற்கிறது. பிள்ளை பெயர் அடியில் பெயின்டால் எழுதியிருக்கும். மிளகாய் எடுக்க மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.